தேன்மொழி போன வழி

நாகரத்தினம் டீச்சருக்கு ஒரு குரு இருந்தார். அந்தக் குருவுக்குச் சின்ன வயதில் கணக்குச் சொல்லிக்கொடுத்ததும் டீச்சர்தான். இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். உள்ளூர்க்காரர்களும் ஒரு காலத்தில் சிரித்தவர்கள்தான்.

"கணக்குல பெயிலானவன்கிட்டப் போய் டீச்சர் பாடம் கேக்குதாம்!" என்று டெய்லர் அருளப்பன், அளவு கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பெயிலானவன் எங்கெங்கோ சுற்றிவிட்டுத் தாடியோடு ஊர் திரும்பினான். பட்டறைத் தெருவின் கோடியில், ஆற்றோரமாக இடிந்து கிடந்த மடத்தைத் தானே பூசி, தானே கூரை போட்டு, உள்ளே உட்கார்ந்துகொண்டான். அன்றிலிருந்து 'அவன்' போய் 'அவர்' ஆயிற்று. ஆனால் அவர் யாருக்கும் உபதேசம் செய்ததில்லை. கேட்டாலும் செய்ய மாட்டார். டீச்சர் ஓய்வு பெற்று, கணவர் சிதம்பரநாதன் சாரும் காலமான பிறகு, ஒரு நாள் அங்கே போய் வேப்பமரத்தடியைப் பெருக்கிக் கொடுத்தார். மறுநாளும் போனார். அப்படியே பழகிவிட்டது. டீச்சர் அவரைச் சாமி என்பார். சாமி அவரை டீச்சர் என்பார். இரண்டு பேரும் அதை மாற்றிக்கொள்ளவே இல்லை.

பட்டறைத் தெரு அப்போது தெருவாகவா இருந்தது? மேலே கடைவீதி, கீழே ஆறு. நடுவில் சரிந்து இறங்குகிற தெரு. கடைவீதிக் குப்பை முழுக்க உருண்டு வந்து இங்கேதான் தங்கும். சாக்கடை அடைத்துக்கொண்டு வாசற்படி வரை ஏறும். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் தெருமுனையில் மூக்கைப் பொத்திக்கொண்டு அப்படியே திரும்பிப் போன கதையெல்லாம் உண்டு.

மடத்து வாசலைப் பெருக்கிய கை சும்மா இருக்கவில்லை. டீச்சர் தெருவிலும் துடைப்பத்தோடு இறங்கினார். முதலில் கூட வந்து நின்றவள் பூக்காரி சொர்ணம். கடைவீதி முனையில் தள்ளுவண்டி போட்டுப் பூக்கட்டி விற்கிறவள். அப்புறம் ஒவ்வொருவராக வந்து, டீச்சரைத் தலைவியாகக் கொண்டு ஒரு குழுவே ஆயிற்று. கிண்டல் பண்ணின அருளப்பனும் வந்தார். வந்தவர் டீச்சரைவிடக் கறாராகிப் போனார். மக்குகிற குப்பை தனி, மக்காத குப்பை தனி என்று வீட்டுக்கு வீடு போய்க் கூடையைக் கவிழ்த்துப் பார்க்கிற அளவுக்குப் போய்விட்டார்.

தெருமுனையில் பழைய கரும்பலகை ஒன்றை நட்டு, டீச்சர் தன் கையால் எழுதினார்: போட்டவரே எடுக்கவும்.

அதுதான் அந்தத் தெருவின் சட்டம். டீச்சர் யாரையும் திட்ட மாட்டார். யாராவது டீக் கப்பை வீசினால் அதன் பக்கத்தில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். போட்டவர் எடுக்கிற வரைக்கும் நிற்பார். அடேயப்பா, அந்தப் பார்வை! மீசையை முறுக்கிக்கொண்டு திரிகிறவர்களெல்லாம் குனிந்து எடுத்துக்கொண்டு போனார்கள். பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள், வேறு வழி?

தெரு கண்ணில் ஒத்திக்கொள்கிற மாதிரி ஆயிற்று. ஒன்றே ஒன்றுதான் பாக்கி.

சுடுகாடு ஆற்றங்கரையில் இருந்தது. ஊரில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் பட்டறைத் தெரு வழியாகத்தான் இறங்கவேண்டும். பாடைக்கு முன்னால் பூவை உதிர்த்துப் போட்டுக்கொண்டே போவார்கள். சாமந்தி, ரோஜா, சம்பங்கி, எல்லாம் கூடை கூடையாக விழும். காலில் மிதிபட்டு, வண்டிச் சக்கரத்தில் அரைபட்டு, மறுநாள் அது சாக்கடையில் போய் அடைக்கும்.

"போட்டவரே எடுக்கணும்னு இவங்ககிட்ட எப்படி டீச்சர் சொல்றது?" என்று கேட்டார் அருளப்பன்.

"சொல்ல முடியாது. நாமதான் எடுக்கணும்."

முதலில் மறுநாள் காலையில் எடுத்தார்கள். அப்புறம் அன்றைக்கே எடுத்தார்கள். மிதிபடுவதற்கு முன்னால் எடுத்தால் சுலபம் என்று தெரிந்த பிறகு, ஊர்வலத்தின் கடைசி ஆளுக்குப் பின்னாலேயே துடைப்பத்தோடு இறங்கினார்கள். மேட்டிலிருந்து பள்ளத்தைப் பார்த்துப் பெருக்கினால் பூ தானாக உருண்டு வரும். கைக்கும் நோவில்லை. வெளியூரிலிருந்தெல்லாம் வந்து பார்த்துவிட்டு, இதல்லவா ஒற்றுமை என்று சொல்லிப் போனார்கள்.

டீச்சருக்குப் பெருமை தாங்கவில்லை. சாமியிடம் போய்ச் சொன்னார்.

"இப்பல்லாம் நம்ம தெருவுல ஒரு சாவு போன சுவடே தெரியாது சாமி."

சாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அப்படியா டீச்சர்?"

அவ்வளவுதான் சொன்னார். அவர் இன்னும் ஏதாவது சொல்வார் என்று டீச்சர் காத்திருந்துவிட்டு எழுந்து வந்தார்.

சொர்ணத்துக்கு ஒரே பெண். பெயர் தேன்மொழி. புருஷன்காரன் கைக்குழந்தையோடு விட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டான். பூக்கட்டித்தான் சொர்ணம் அவளை வளர்த்தாள். பெண்ணும் வீண்போகவில்லை. டீச்சர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் படித்து, நர்சிங் சேர்ந்து, வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு காலையில் தெருவில் இறங்கிப் போவாள். அம்மா தலையில் வைத்துவிட்ட பூவைத் தெருமுனை தாண்டினதும் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொள்வாள். காலேஜில் பூ வைக்கக் கூடாது. திரும்பி வரும்போது மறுபடி தலையில் இருக்கும். இது சொர்ணத்துக்குத் தெரியாது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

கார்த்திகை மழை விட்ட சமயம். காய்ச்சல் என்று படுத்தாள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆட்டோவில் உட்கார்ந்து போனவள் ஆம்புலன்சில் திரும்பி வந்தாள்.

தெருவே உடைந்துபோயிற்று. அருளப்பன் கடையை அடைத்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். டீச்சர் சொர்ணத்தின் பக்கத்தை விட்டு நகரவில்லை. சொர்ணம் அழவில்லை. கடையில் இருந்த பூவையெல்லாம் கொண்டுவரச் சொல்லி, கட்டின சரத்தை ஒவ்வொன்றாகப் பிரித்து உதிர்த்துக்கொண்டே இருந்தாள்.

"என் கடையில இருக்கிற எல்லாப் பூவும் அவளுக்குத்தான். ஆறு வரைக்கும் போடணும். ஒரு அடி விடக் கூடாது," என்றாள் தம்பிமார்களிடம்.

அப்படியே போட்டார்கள். தெரு அப்படி ஒரு பூவைப் பார்த்ததில்லை.

பாடை கிளம்பிக் கொஞ்ச தூரம் இறங்கிய பிறகு அருளப்பன் துடைப்பத்தோடு வந்து நின்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. டீச்சரின் முகத்தைப் பார்த்தார். பெருக்கட்டுமா என்று வாயால் கேட்கவில்லை.

நம்ம பிள்ளை. அவள் போகிற அன்றைக்குத் தெரு அலங்கோலமாகக் கிடக்கலாமா? டீச்சருக்கு அப்படித்தான் தோன்றியது. தலையை அசைத்தார்.

குழுவில் எல்லாரும் பெருக்கினார்கள். அழுதுகொண்டே பெருக்கினார்கள். மற்றவர்களுக்குச் செய்ததைவிடச் சுத்தமாகச் செய்தார்கள். அவளுக்குச் செய்கிற மரியாதை என்று மனதார நம்பினார்கள். அதுதான் கொடுமை.

பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. மடத்து வாசலோடு நின்றுவிடவேண்டும். பறைச் சத்தம் மணலில் இறங்கித் தேய்கிற வரைக்கும் சொர்ணம் அங்கேயே நின்றாள். அப்புறம் யாரோ தோளைத் தொட்டுத் திருப்பினார்கள். வீட்டைப் பார்த்துத் திரும்பினாள்.

தெரு வெறிச்சென்று கிடந்தது. ஒரு இதழ் இல்லை.

சொர்ணம் மேலும் கீழும் பார்த்தாள். வழி தவறி வந்துவிட்டவள் மாதிரி பார்த்தாள்.

"இந்த வழியாத்தானே எம்பிள்ளையத் தூக்கிட்டுப் போனாங்க?" என்று கேட்டாள்.

துடைப்பம் வைத்திருந்தவர்கள் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்கள்.

"சொல்லுங்க டீச்சர். இந்த வழிதானே?"

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். மடத்து வாசலில் சாமி நின்றிருந்தார்.

மார்கழி பிறந்தது. சொர்ணம் கடையைத் திறந்தாள். ஆனால் விடிந்ததும் முதல் வேலையாக ஒரு கூடைப் பூவை எடுத்துக்கொண்டு, தன் வீட்டு வாசலிலிருந்து மடத்து வாசல் வரைக்கும் உதிர்த்துக்கொண்டே போவாள். ஒரு அடி விட மாட்டாள். திரும்பும்போது பூவின் மேலேயே நடந்து வீட்டுக்கு வருவாள். அதற்குப் பிறகுதான் கடைக்குப் போவாள்.

அவள் போனதும் குழு வந்து பெருக்கும். மறுநாள் மறுபடி போடுவாள். மறுபடி பெருக்குவார்கள்.

"எத்தனை நாளைக்கு டீச்சர் இந்தக் கூத்து?" என்றார் அருளப்பன். "பிள்ளை போனது நமக்கும்தான் வயித்தெரிச்சல். அதுக்காக? தெருவுக்கு ஒரு சட்டம் போட்டிருக்கோமில்ல?"

"பொறுங்க அருளப்பன்."

"தை மாசம் நகராட்சியிலேர்ந்து பாக்க வராங்க. சுத்தமான தெருவுக்குப் பரிசு. குப்பை வண்டி ஒண்ணு கிடைக்கும். நாம கேட்டுக் கேட்டு அலுத்த வண்டி. மறந்துட்டீங்களா?"

டீச்சர் மறக்கவில்லை. மறுநாள் காலையில் போய்ப் பூவுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வேறு எப்படிச் செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. வாழ்க்கை முழுக்க அப்படித்தான் நின்றிருக்கிறார்.

சொர்ணம் காலிக் கூடையோடு வந்தாள். டீச்சரைப் பார்த்தாள்.

"நில்லுங்க டீச்சர்," என்றாள். "நானும் அன்னிலேர்ந்து அதே இடத்துலதான் நிக்கறேன்."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். டீச்சர் கையைப் பிரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அன்று அவர் சாப்பிடவில்லை.

அருளப்பன் விடுகிற ஆள் இல்லை. குழுவைக் கூட்டிப் பேசி முடிவு செய்துகொண்டு வந்தார். நகராட்சிக்கு ஒரு புகார். தெருவை அசுத்தம் செய்கிறாள் என்று. தலைவி கையெழுத்துப் போட்டால் முனையிலிருந்து பூக்கடையை எடுத்துவிடுவார்கள். பொங்கல் கழிந்ததும் கொடுக்கவேண்டும்.

"கடை போனா அவ எப்படிப் பிழைப்பா?" என்றார் டீச்சர்.

"கடை போகணும்னு எனக்கு மட்டும் ஆசையா? பூ போடறதை நிறுத்தட்டும். நான் காலைத் தொட்டுக்கூடக் கேட்டுப் பாத்துட்டேன் டீச்சர். காதுல வாங்கலை."

டீச்சர் நேரே மடத்துக்குப் போனார். பெருக்கவில்லை. வேப்பமரத்தடியில் அப்படியே உட்கார்ந்தார்.

"சாமி, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க டீச்சர்."

"பூ எப்ப குப்பையாகுது?"

சாமி ஆற்றைப் பார்த்தார்.

"பொங்கலுக்கு உங்க வீட்டுல வெள்ளை அடிச்சாச்சா?"

"இல்லை சாமி. ஆள் கிடைக்கலை."

"நாளைக்கு நான் வரேன்."

"ஐயோ, நீங்களா? என்ன சாமி இது!"

"மடத்துக்கு நான்தானே அடிக்கறேன். கை பழகியிருக்கு," என்றார் சாமி. கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. டீச்சருக்கு ஏமாற்றமாக இருந்தது. கொஞ்சம் கோபம்கூட வந்தது.

சொன்னபடி மறுநாள் வந்தார். வேட்டியை மடித்துக்கட்டி, சுண்ணாம்பைக் கரைத்து, மட்டையைத் தோய்த்து, வாசலிலிருந்து ஆரம்பித்தார். டீச்சர் வீட்டில் சாமான்களை நகர்த்துகிற வேலையே இல்லை. ஒரு ஊசி இடம் மாறி இருக்காது. தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம்.

முன் சுவர் முடிந்தது. சமையலறை முடிந்தது. சாமி கூடத்துக்கு வந்தார்.

கூடத்துச் சுவரில் ஜன்னலுக்குப் பக்கத்தில், ஒரு ஆள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தால் தலை படுகிற உயரத்தில், ஒரு கறை இருந்தது. நல்லெண்ணெய்த் தலை சாய்ந்து சாய்ந்து படிந்த கறை. பழுப்பேறி, உள்ளங்கை அகலத்துக்கு, அந்த வெள்ளைச் சுவரில் பளிச்சென்று தெரிந்தது. சுற்றிலும் வருஷா வருஷம் அடித்த வெள்ளை தடித்து நின்றது.

சாமி மட்டையைச் சுண்ணாம்பில் தோய்த்தார். வழித்தார். கறையை நோக்கிக் கையை நீட்டினார்.

டீச்சர் எப்படி வந்தார் என்று தெரியவில்லை. அறுபது வயதைத் தாண்டியவர், முட்டிவலிக்காரர், நாற்காலியை விட்டுத் தரையில் உட்கார்ந்து வருஷமானவர். சுவருக்கும் மட்டைக்கும் நடுவில் புகுந்து தொப்பென்று உட்கார்ந்து, தலையைக் கறையின் மேல் சாய்த்துக்கொண்டார்.

சுண்ணாம்பு சொட்டியது. அவர் சேலையில் விழுந்தது.

"அழுக்கு டீச்சர்," என்றார் சாமி.

"தெரியும்."

"தேச்சாப் போகாது. மேல வெள்ளை அடிச்சாத்தான் மறையும்."

"வேண்டாம் சாமி."

"போன வருஷம் அடிச்ச ஆள் எப்படி விட்டான்?"

"அந்த இடத்தை விட்டுட்டு அடிக்கச் சொன்னேன்."

"ஏன்னு கேட்டானா?"

"கேக்கலை. பாத்தான். பேசாம விட்டுட்டு அடிச்சான். அவன்கூடக் கேக்கலை சாமி."

சாமி மட்டையை வாளியில் வைத்தார். அவரும் தரையில் உட்கார்ந்தார்.

"சார் இங்க சாஞ்சுக்கிட்டுத்தான் பேப்பர் படிப்பாரு. நான் கணக்குத் தப்பாப் போட்டா, பேப்பருக்கு மேல கண்ணை நீட்டி, 'போடு, போடு, மறுபடி போடு'ம்பாரு."

டீச்சர் அழுதார். கணவர் இறந்த அன்றைக்கு எல்லாருக்கும் முன்னால் அழக் கூச்சப்பட்டவர், தன்னிடம் கணக்கில் பெயிலானவர் முன்னால் தேம்பித் தேம்பி அழுதார். சாமி எழுந்திருக்கச் சொல்லவில்லை. அவர் ஓய்ந்த பிறகு கறையைச் சுற்றி மெதுவாக அடித்து முடித்தார். தயிர்ச்சோறு சாப்பிட்டார். வாளியைக் கழுவிக் கவிழ்த்தார்.

"சாமி, நான் கேட்டதுக்குப் பதில் சொல்லலையே?" என்றார் டீச்சர் வாசல் வரை வந்து.

"சுண்ணாம்பு காயட்டும் டீச்சர்," என்று சொல்லிவிட்டுச் சாமி தெருவில் இறங்கினார். காலையில் பூ கிடந்த இடத்தை மிதிக்காமல் ஓரமாக நடந்து போனார்.

மறுநாள் விடியும்போது டீச்சர் தெருவில் நின்றார். சொர்ணம் போட்டு முடித்துவிட்டுப் போயிருந்தாள். குழு வந்தது.

"பெருக்க வேண்டாம்," என்றார் டீச்சர்.

அருளப்பன் அசந்துபோனார். "என்ன டீச்சர், விளையாடறீங்களா? பரிசு?"

"போகட்டும்."

"வண்டி?"

"போகட்டும் அருளப்பன். புகாருக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். இனிமே யார் சாவு இறங்கினாலும், அந்த வீட்டுப் பொம்பளைங்க திரும்பி வீடு போய்ச் சேர்ற வரைக்கும் துடைப்பம் தரையில படக் கூடாது."

"அப்ப சட்டம் எழுதி வச்சது?"

"நான்தானே எழுதினேன்?"

அருளப்பன் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டுப் போய்விட்டார். டீச்சர் அதை எடுத்துச் சுவரோரம் சாத்திவிட்டுச் சொர்ணத்தின் வீட்டுக்குப் போனார். சொர்ணம் பூக்கட்டிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. டீச்சர் நின்றுகொண்டே சொன்னார்.

"அன்னிக்கு அருளப்பன் என் முகத்தைப் பாத்தார் சொர்ணம். நான்தான் தலையாட்டினேன். வேற யாரும் சொல்லலை."

சொர்ணத்தின் விரல் நின்றது.

"பச்சப்பிள்ளையா அவ பூ வாசத்துலயே கிடந்தவ டீச்சர். நான் கட்டக் கட்ட மடியில தூங்குவா. போறப்பவும் பூ மேலயே போகட்டும்னு போட்டேன். திரும்பி வரும்போது அது மேல நடந்து வந்திருந்தா, கொஞ்ச தூரம் அவகூட வந்த மாதிரி இருந்திருக்கும். அதையும் வழிச்சு எடுத்துட்டீங்களே. எம்பிள்ள போனது உங்களுக்கு அவ்வளவு அழுக்கா?"

"இல்லைம்மா..."

"போங்க டீச்சர். உங்க மேல கோபமில்ல. ஆனா இப்பப் போங்க."

டீச்சர் போய்விட்டார். மன்னிப்புக் கிடைக்கவில்லை. கிடைக்கும் என்று நினைத்துப் போகவும் இல்லை.

பொங்கல் வந்து போயிற்று. சொர்ணம் வீட்டில் அடுப்பே பற்றவில்லை. காலையில் விழுகிற பூ விழுந்த இடத்தில் கிடந்தது. பனியில் நனைந்து, வெயிலில் சுருண்டு, பழுத்து, தெருவெல்லாம் வாடின பூ. வண்டிக்காரர்கள்கூட ஒதுங்கிப் போனார்கள். நகராட்சிக்காரர்கள் வந்தார்கள். பார்த்தார்கள். உதட்டைப் பிதுக்கினார்கள். பரிசும் வண்டியும் வேறு தெருவுக்குப் போயின. அருளப்பன் டீச்சருடன் பேசுவதை நிறுத்தினார். ஆனால் தெருவில் சாவு இறங்குகிற நாளில் மட்டும் வந்து, துடைப்பத்தைத் தூக்கிப் பிடித்தபடி, பெண்கள் திரும்பி நடந்து போகிற வரைக்கும் ஓரமாக நிற்பார். அதில் அவர் குறை வைக்கவில்லை.

மாசியில் ஒரு நாள். டீச்சர் மடத்துக்குப் போகக் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றார்.

சொர்ணம் தெருவைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். அன்று அவள் புதுப் பூ போடவில்லை. தெருக்கோடியில் மடத்து வாசலிலிருந்து ஆரம்பித்து, வாடிக் கிடந்த பூவையெல்லாம் மேட்டைப் பார்த்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். மேட்டுப் பக்கமாகப் பெருக்கினால் பாதி பூ சறுக்கிக் கீழே போய்விடும். போனதை மறுபடி இறங்கிப் போய்த் தள்ளிக்கொண்டு வருவாள். மூச்சு வாங்கியது. கூந்தல் அவிழ்ந்து கிடந்தது.

டீச்சர் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஓடினார்.

"கொடு சொர்ணம், நானும் வரேன்."

"வேண்டாம் டீச்சர்."

"ஒத்தையா முடியாதும்மா. கையெல்லாம் கொப்பளிச்சிருக்கு பாரு."

சொர்ணம் நிமிர்ந்தாள். தெருமுனைக் கரும்பலகையை முகவாயால் காட்டினாள்.

"போட்டவரே எடுக்கவும்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?" என்றாள். குத்திக் காட்டுகிற மாதிரி இல்லை. சாதாரணமாகச் சொன்னாள். மறுபடி குனிந்துகொண்டாள்.

டீச்சர் துடைப்பத்தோடு ஓரமாக நின்றார். அருளப்பன் கடை வாசலில் வந்து நின்றார். தெருவே வந்து நின்றது. யாரும் கிட்டே போகவில்லை. வெயில் ஏறினபோது கடைசிப் பூவும் சொர்ணத்தின் வாசலுக்கு வந்து சேர்ந்தது. அவள் அதையெல்லாம் முந்தானையில் அள்ளி, வாசலோரம் தேன்மொழி வைத்த முல்லைக்கொடிக்குத் தூரில் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். அப்புறம் படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அன்றைக்குத்தான் முதன்முதலாக அழுதாள்.

டீச்சர் மடத்துக்கு வந்தபோது சாமி சருகு பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"சொர்ணம் பெருக்கிட்டா சாமி. அவளாவே பெருக்கிட்டா."

"பாத்தேன் டீச்சர். என் வாசல்லதானே ஆரம்பிச்சா."

"எனக்கு ஒண்ணுதான் விளங்கலை." டீச்சர் மரத்தடியில் உட்கார்ந்தார். "நாங்க எப்பவும் வீட்டுப் பக்கமிருந்து ஆத்தைப் பாத்துத்தான் பெருக்குவோம். சரிவு அப்படி. அவளுக்கும் அது தெரியும், எங்களோட எத்தனையோ நாள் பெருக்கினவதானே. பின்ன ஏன் ஆத்துலேர்ந்து வீட்டைப் பாத்துப் பெருக்கினா? அவ்வளவு கஷ்டப்பட்டு?"

சாமி பொறுக்கின சருகைக் கூடையில் போட்டார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து டீச்சருக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"நீங்க பெருக்கினப்ப பிள்ளை இன்னும் போய்க்கிட்டு இருந்தா டீச்சர்," என்றார். "இன்னிக்கு வீட்டுக்கு வந்துட்டா."